பிரிச்சாச்சு, பெயிண்ட்டும் அடிச்சாச்சு... இனி மாட்டணுமே!

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல முக்கால்வாசி ஒரே சங்கதிதான். பழைய ஸ்போர்ட்ஸ் கார், பெயிண்ட் கடையில இருந்து பளபளன்னு திரும்பி வந்திருக்கு, பக்கத்துல பெட்டி பெட்டியா பார்ட்ஸ், நடுவுல ஒரு மனுஷன் ஸ்பேனரோட நிக்கறார். அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த தடவைக்குத் தள்ளி வெச்சுட்டு இதையே எடுத்துக்கிட்டேன். பேரு போடாம நீங்களே வெச்சுக்கிட்ட பட்டப்பேரையே கீழ போட்டிருக்கேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: வண்டி வந்து ஒரு வாரம் ஆச்சு சார். தொட்டா ஒட்டல, காஞ்சிடுச்சுன்னுதான் பெயிண்டரும் சொல்றார். பம்பர், லைட்டு, பீடிங்னு மாட்ட ஆரம்பிச்சுடலாமா? கை பரபரங்குது.
– பரபரப்பு

பதில்: ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கலைங்கற கதையா இருக்கே. தொட்டா ஒட்டாம இருக்கறது வேற, பெயிண்ட் உள்ள வரைக்கும் இறுகறது வேற. முதல்ல என்ன பெயிண்ட்னு கேளுங்க. பழைய செல்லுலோஸ் லேக்கர்னா அதுல இருக்கற தின்னர் ஆவியாகிப் போகப் போகத்தான் கெட்டியாகும். இப்ப பெரும்பாலும் அடிக்கறது டூகே, அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கறது, அது கெமிக்கலா வினை நடந்து இறுகற சாமான். பூத்ல வெச்சு தகடு 60 டிகிரி வர்ற அளவுக்கு அரை மணி நேரம் சுட்டிருந்தா, அடுத்த ஒண்ணு ரெண்டு நாள்லயே பத்திரமா வேலை பாக்கலாம். சும்மா காத்துல காய விட்டதுன்னா முழுசா இறுக மூணு நாலு வாரம் கூட ஆகும், குளிர் காலம்னா இன்னும் இழுக்கும்.

எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னா, மூக்கை பேனல் பக்கத்துல வெச்சு மோந்து பாருங்க, தின்னர் வாடை அடிச்சா இன்னும் உள்ள இருந்து வெளிய வந்துட்டு இருக்குன்னு அர்த்தம். கண்ணுக்குத் தெரியாத இடத்துல, டிக்கி உள் ஓரம் மாதிரி, நகத்தை வெச்சு அழுத்திப் பாருங்க, தடம் விழுந்தா ஸ்பேனரை கீழ வைங்க. இந்த நிலைமையில ஒரு போல்ட்டை வாஷரோட இறுக்கினா வாஷருக்கு அடியில இருக்கற பெயிண்ட் பிதுங்கி சுத்தி ஒரு வளையமா நிக்கும், அப்புறம் அங்கேருந்துதான் வெடிப்பு விடும். ரப்பர் பீடிங் போட்டா அதோட அச்சு அப்படியே பதியும். ராத்திரி பூரா மாஸ்கிங் டேப் ஒட்டி வெச்சாலும் இதே கதி. வண்டி மேல கவரும் போடாதீங்க. மெழுகு பாலிஷ் ரெண்டு மூணு மாசத்துக்கு வேண்டவே வேண்டாம், உள்ள இருக்கறது வெளிய வர வழியில்லாம அடைச்சுடும்.

கை பரபரங்குதுன்னா பெயிண்ட்டைத் தொடாத வேலை ஆயிரம் கிடக்கு. டோர் லாக்கைப் பிரிச்சு கழுவி கிரீஸ் வைங்க, குரோமை பாலிஷ் பண்ணுங்க, லைட் கிண்ணத்துல இருக்கற துருவை எடுங்க. இந்த மூணுக்கே ரெண்டு வாரம் ஓடிடும். ஆரஞ்சு தோல் மாதிரி புள்ளி புள்ளியா இருக்கு, வாட்டர் பேப்பர் போட்டுத் தேச்சு பஃபிங் பண்ணணும்னு யோசனை இருந்தா அதை எதையும் மாட்டறதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. மாட்டினதுக்கு அப்புறம் பஃபிங் பண்ணா காம்பவுண்ட் எல்லா இடுக்குலயும் போய் வெள்ளையா உக்காந்துக்கும், எடுக்கவே முடியாது.

கேள்வி: அண்ணே, எதை முதல்ல மாட்டறது, எதைக் கடைசியா மாட்டறது? கார் முழுசா மொட்டையா நிக்குது.
– மொட்டை

பதில்: பாக்கறதுக்கு அழகா இருக்கறதை முதல்ல மாட்டணும்னு தோணும், அதான் எல்லாரும் பண்ற தப்பு. ஹெட்லைட்டையும் கிரில்லையும் மாட்டிட்டு போட்டோ எடுத்துக்கிட்டு, அப்புறம் வயரிங்கை உள்ள விட முடியாம திரும்ப கழட்டறது. கழட்டி மாட்டற ஒவ்வொரு தடவையும் பெயிண்ட்ல ஒரு கீறலுக்கு சான்ஸ் குடுக்கறோம்.

அதனால அப்புறம் கை நுழையாத இடத்துல இருந்து ஆரம்பிங்க. முதல் வேலை, சாமானே இல்லாத வேலை: ஒரு கம்பியை எடுத்துக்கிட்டு டோர் அடியில, சில் (டோருக்குக் கீழ நீளமா ஓடற பெட்டித் தகடு) அடியில, கண்ணாடிக்கு முன்னாடி இருக்கற காத்து போற பள்ளத்துல தண்ணி வடியற ஓட்டையெல்லாம் திறந்திருக்கான்னு பாருங்க, சீலரும் பெயிண்ட்டும் அதை அடைச்சிருக்கும். தண்ணி ஊத்திப் பாருங்க, வெளிய வரணும். வரலைன்னா உள்ள நின்னு நின்னு துருப்பிடிச்சு இன்னும் சில வருஷத்துல திரும்ப பெயிண்டர்கிட்டதான் போவீங்க. அதுக்கப்புறம் பெட்டி மாதிரி மூடின இடத்துக்குள்ளயெல்லாம் கேவிட்டி வேக்ஸ், அதாவது துரு தடுக்கற மெழுகு அடிங்க. இதை பெயிண்ட்டுக்கு முன்னாடி அடிச்சிருந்தா பெயிண்டர் உங்களைத் திட்டியிருப்பார், மெழுகு பட்ட இடத்துல பெயிண்ட் நிக்காது, அதனால இதுதான் சரியான நேரம்.

அப்புறம் வயரிங் ஹார்னஸ், பிரேக் பைப், பெட்ரோல் பைப், சத்தம் தடுக்கற ஷீட்டு. ஹீட்டர் பெட்டி டேஷ்போர்டுக்கு முன்னாடி போகணும், போகறதுக்கு முன்னாடி அதுக்குள்ள இருக்கற ரேடியேட்டர்ல தண்ணி விட்டு ஒழுகுதான்னு பாத்துடுங்க. எம்ஜிபிங்கற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வெச்சிருக்கறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, அந்த ஹீட்டரைத் திரும்ப கழட்டறதுக்கு பதிலா குளிர்லயே ஓட்டறேன்னு சொல்வாங்க. மேல கூரை இருக்கற கூபேன்னா கூரைத் துணி கண்ணாடிக்கு முன்னாடி, ஏன்னா துணியோட ஓரம் கண்ணாடி ரப்பருக்கு அடியில போய் மாட்டிக்கணும். டேஷ்போர்டும் நிறைய வண்டியில கண்ணாடி இல்லாதப்போதான் சுலபமா உள்ள போகும். அப்புறம் கண்ணாடி, டோர் கண்ணாடி, டோர் உள் அட்டை, அதுக்குப் பின்னாடி பிளாஸ்டிக் ஷீட் ஒட்ட மறக்கக் கூடாது, இல்லைன்னா மழைத் தண்ணி அட்டையை ஊற வெச்சு அப்பளம் மாதிரி வளைச்சுடும். சீட்டு, கார்ப்பெட் கடைசி. பம்பர் அதுக்கும் கடைசி, ஏன்னா நாம முழங்கால் போட்டு உக்கார்றது எப்பவும் அங்கதான்.

கேள்வி: வண்டியைப் பிரிச்சது நான் இல்ல, எனக்கு முன்னாடி வெச்சிருந்தவர். ஒரு டப்பாவுல எல்லா போல்ட்டையும் ஒண்ணா கொட்டிக் குடுத்துட்டார். ஒரு கவர் மேல "முக்கியம்" னு மட்டும் எழுதியிருக்கு.
– முக்கியம்

பதில்: சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க. அந்த "முக்கியம்" கவர்ல என்ன இருந்துச்சுன்னு அடுத்த தடவை கட்டாயம் எழுதுங்க.

உங்களுக்கு வேண்டியது ஒர்க்‌ஷாப் மேனுவல் மட்டும் இல்ல, பார்ட்ஸ் புக். அதுல ஒவ்வொரு அசெம்பிளியையும் வெடிச்சுச் சிதறின மாதிரி படம் போட்டு நம்பர் குடுத்து, எந்த போல்ட், என்ன நீளம், எத்தனைன்னு இருக்கும். முதல்ல மரையை வெச்சுப் பிரிங்க. ஜெர்மன், இத்தாலி, ஜப்பான் வண்டின்னா மில்லிமீட்டர். 60கள்ல வந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்னா பெரும்பாலும் யூஎன்எஃப்ங்கற இன்ச் கணக்கு மரை, இன்னும் பழசுன்னா விட்வொர்த், பிஎஸ்எஃப் கூட வரும். ஒரு மரை கேஜ் வாங்கிக்கோங்க, சின்ன சாமான்தான். கால் இன்ச் யூஎன்எஃப்ல இன்ச்சுக்கு 28 மரை, 6 மில்லி போல்ட்டுல ஒரு மரைக்கு ஒரு மில்லி, அதாவது இன்ச்சுக்கு 25 சொச்சம். கண்ணுக்கு ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும், ஆறு மில்லி போல்ட்டு அந்த நட்டுக்குள்ள ரெண்டு சுத்து போகவும் போகும், பிடிச்ச மாதிரியும் இருக்கும், இறுக்கினா மரை போச்சு. அந்த நட்டு பாடிக்குள்ள வெல்டிங் பண்ணின நட்டுன்னா புது பெயிண்ட்டுக்கு நடுவுல கிரைண்டர் எடுக்க வேண்டி வரும், நினைச்சுப் பாருங்க.

அதனால ஒரு சட்டம் வெச்சுக்கோங்க: எந்த போல்ட்டா இருந்தாலும் கையாலயே நாலஞ்சு சுத்து போகணும். போகலைன்னா போல்ட்டு தப்பு, இல்ல மரைக்குள்ள பெயிண்ட் இருக்கு. பெயிண்ட்னா மரை சுத்தம் பண்ற டாப்பை மெதுவா ஓட்டி எடுங்க. பளபளக்குதேன்னு எல்லாத்தையும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டா மாத்தறவங்களுக்கும் ஒரு வார்த்தை, லைட்டு பட்டின்னா சரி, சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக், சீட் பெல்ட்டுல அது வேண்டாம், அங்க கம்பெனி சொன்ன கிரேடுதான்.

கேள்வி: கூரை இல்லாத ரெண்டு சீட்டர். பெயிண்ட்டுக்கு முன்னாடி டோர் கேப் சீரா இருந்துச்சு, நானே பாத்தேன். இப்ப மாட்டினா மேல விரலே நுழையுது, கீழ பெயிண்ட்டோட பெயிண்ட் உரசற மாதிரி நிக்குது. பெயிண்டர் கெடுத்துட்டாரா?
– கேப் விழுந்தவன்

பதில்: அவசரப்பட்டு சண்டைக்குப் போயிடாதீங்க. ஒண்ணு கேக்கறேன், வண்டி இப்ப எது மேல நிக்குது? நாலு ஸ்டாண்டு மேலயா, சக்கரத்து மேலயா? இன்ஜின் உள்ள இருக்கா? கூரை இல்லாத வண்டிக்கு முதுகெலும்பே தரையும் ரெண்டு பக்க சில்லும்தான். நடுவுல தூக்கி நிறுத்தினா ஒரு மாதிரி வளையும், முன்னாடி பின்னாடி தூக்கினா வேற மாதிரி வளையும். இன்ஜினும் கியர்பாக்ஸும் போய் உக்காந்தா முன்பக்கம் இன்னும் கொஞ்சம் இறங்கும். அந்த வளைவெல்லாம் வந்து தெரியற ஒரே இடம் டோர் கேப். முன்னாடி நீங்க பாத்தது சக்கரத்துல நின்னப்போ, இப்ப ஸ்டாண்டுல நிக்குதுன்னா ரெண்டையும் ஒப்பிடவே கூடாது. முதல்ல சக்கரத்துல இறக்குங்க, முடிஞ்சா இன்ஜின் போட்டதுக்கு அப்புறம் கடைசி அட்ஜஸ்ட்மென்ட்டை வெச்சுக்கோங்க.

பெயிண்ட் கனமும் ஒரு காரணம்தான். பிரைமர், கலர், கிளியர்னு சேந்தா ஒரு பக்கத்துக்கு ஒரு மில்லில ஆறுல ஒரு பங்கு, அஞ்சுல ஒரு பங்கு வரும், டோர் ஓரம், மட்கார்ட் ஓரம்னு ரெண்டு பக்கமும் சேந்து, பள்ளம் நிரப்பற பட்டியும் கொஞ்சம் தாராளமா இழுத்திருந்தா, மூணு நாலு மில்லி கேப்புல அரை மில்லி காணாமப் போயிடும்.

அட்ஜஸ்ட் பண்றப்போ நகராததுல இருந்து நகர்றதுக்கு வாங்க. பின் மட்கார்ட் பாடியோட ஒட்டினது, அதை நகர்த்த முடியாது, அதனால டோரோட பின் ஓரத்தை அதுக்கு சரி பண்ணுங்க, அப்புறம் முன் மட்கார்ட்டை டோருக்கு, கடைசியா பானெட்டை மட்கார்ட்டுக்கு. நிறைய பேரு முன்னாடில இருந்து ஆரம்பிச்சு வந்து பின்னாடி மாட்டிக்கிட்டு முழிக்கறாங்க. லாக் பிடிக்கற ஸ்டிரைக்கரை ஆரம்பத்துல மாட்டவே வேண்டாம், அது டோரைத் தூக்கிப் பிடிச்சு உங்களை ஏமாத்தும். ரப்பர் பீடிங்கும் இல்லாம கேப்பை சரி பண்ணிட்டு, அப்புறம் பீடிங் போட்டு மூடுங்க. புது பீடிங் தடிப்பா இருந்து டோரை வெளிய தள்ளும், அதுக்காக கீலைத் தொடாதீங்க. ஒரு வாரம் டோரை மூடியே வைங்க, பாதி அமுங்கிடும்.

இன்னும் வண்டியைப் பிரிக்காம இதைப் படிக்கறவங்களுக்கு: கீலைக் கழட்டறதுக்கு முன்னாடி கீல், தூண் ரெண்டையும் சேத்து 3 மில்லில ஒரு ஓட்டை போட்டு வைங்க. திரும்ப மாட்டறப்போ அதே டிரில் பிட்டை அதுல சொருகினா கீல் பழைய இடத்துல அச்சா வந்து உக்காரும்.

கேள்வி: நானும் என் தங்கச்சியும் சேந்துதான் இந்த வண்டியைப் பண்றோம். பானெட்டை மாட்டணும்னாலே ரெண்டு பேருக்கும் வயித்தைக் கலக்குது. ஏதாவது உபாயம் இருக்கா?
– அக்கா தங்கச்சி

பதில்: கலக்கணும், கலக்கினாதான் நல்லது. எனக்குக் கலக்கல, அதான் என் வண்டியோட பானெட் பின் மூலை கண்ணாடிக்குக் கீழ இருக்கற தகட்டுல ஒரு கொத்து கொத்தி வெச்சிருக்கு. ஃப்ரெண்டு ஒருத்தன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அவன் போல்ட் போடற வரைக்கும் நான் பிடிச்சிருக்கணும், போன் அடிச்சுச்சு, நான் திரும்பிட்டேன். அவ்வளவுதான். பெயிண்ட் வந்து சரியா நாலு நாள்.

பின்னாடி கீல் இருக்கற பானெட்டுக்கு ஆபத்து ரெண்டு பின் மூலைலதான், ஏன்னா முன்பக்கம் தூக்கத் தூக்க பின் மூலை கீழயும் பின்னாடியும் போகும். அந்த ரெண்டு மூலைக்கும், அது இடிக்கப் போற தகட்டுக்கும் தடிப்பா துணி மடிச்சு லேசா ஒட்டற டேப் போட்டு ஒட்டுங்க, வேலை முடிஞ்ச உடனே எடுத்துடணும். மோதிரம், வளையல், வாட்ச், பெல்ட் பக்கிள், ஜிப் வெச்ச சட்டை எல்லாம் கழட்டி வெச்சுட்டு வாங்க, பாக்கெட்ல திருப்புளி இருக்கக் கூடாது. ரெண்டு பேர் பத்தாது, மூணாவதா ஒரு ஆள் வேணும், ரெண்டு பேர் பிடிக்க, ஒருத்தர் போல்ட் போட. போல்ட்டை இறுக்கிடாதீங்க, நகர்த்தினா நகர்ற அளவுக்கு மட்டும். மெதுவா இறக்கிக்கிட்டே நாலு ஓரத்தையும் பாத்து, கடைசி ரெண்டு விரல் உயரத்துல நிறுத்தி ஒரு தடவை சுத்தி வந்து பாத்துட்டு அப்புறம் மூடுங்க. ஜாகுவார் ஈ டைப் மாதிரி முன்பக்கம் கீல் வெச்சு மூக்கோட சேந்து தூக்கற பானெட்னா அது வேற ஜாதி, அதுல பின் ஓரம் மொத்தமும் டோர் முன்னாடி வந்து இறங்கும், அங்க முழு நீளத்துக்கும் துணி வேணும்.

முக்கியமான ஒண்ணு. முதல் தடவை மூடறப்போ லாக்கை மாட்டாதீங்க! கேபிள் சரியா இழுக்குதான்னு பானெட்டைத் திறந்து வெச்சுட்டே, லாக்குக்குள்ள திருப்புளியை விட்டு அழுத்தி, உள்ள இருந்து ஒருத்தர் இழுத்து பத்து தடவை பாருங்க. மூடினதுக்கு அப்புறம் கேபிள் கழண்டுச்சுன்னா புது பெயிண்ட் அடிச்ச பானெட்டை எந்த வழியா திறப்பீங்க?

கேள்வி: முன் கண்ணாடிக்கு கயிறு போட்டு மாட்டணும்னு சொல்றாங்களே, அது என்ன கயிறு?
– கயிறு

பதில்: நாலஞ்சு மில்லி தடிப்புல வழவழன்னு இருக்கற நைலான் கயிறு, அவ்வளவுதான் ரகசியம். இது சட்டத்துல ரப்பரால பிடிச்சிருக்கற கண்ணாடிக்கு, தனி அலுமினிய ஃபிரேமோட போல்ட் போடற வண்டிக்கு இல்ல.

ரப்பரை முதல்ல கண்ணாடியைச் சுத்தி மாட்டுங்க, குரோம் பட்டி இருந்தா நிறைய வண்டியில அதையும் இப்பவே மாட்டிடணும். ரப்பரோட வெளிப்பக்கம் ஒரு பள்ளம் இருக்கும், பாடி தகடோட உதடு போய் உக்கார்ற பள்ளம், அதுக்குள்ள கயிறைச் சுத்தி விட்டு, ரெண்டு முனையும் கீழ் நடுவுல ஒரு சாண் ஒண்ணு மேல ஒண்ணு போகற மாதிரி விட்டு உள்பக்கம் தொங்க விடுங்க. கார் ஷாம்பூ கலந்த தண்ணியை உதட்டுலயும் ரப்பர்லயும் தாராளமா தடவுங்க. சிலிகான் ஸ்பிரே வேண்டாம், பின்னால அந்த இடத்துல ஒரு டச்சப் பண்ணணும்னா பெயிண்ட் நிக்காம குழி குழியா போயிடும். வெளிய ஒருத்தர் உள்ளங்கையை விரிச்சு அழுத்த, உள்ள ஒருத்தர் கயிறை உருவ, கயிறு வர வர ரப்பரோட உதடு தகட்டைத் தாண்டி உள்ள வந்து விழும். வெளிய இருக்கறவர் கை, உருவிட்டு இருக்கற இடத்துக்கு நேரா போகணும், பேசிக்கிட்டே பண்ணுங்க. மூலையில தட்டாதீங்க. லேமினேட்டட் கண்ணாடி நடுவுல ஓரளவு தாங்கும், ஓரத்துல ஒரு குத்து வாங்கினா கோடு ஓடிடும். ரப்பர் விறைப்பா இருந்தா கொஞ்ச நேரம் வெயில்ல போட்டு எடுங்க.

மாட்டறதுக்கு முன்னாடி அந்த தகடு உதட்டை ஒரு தடவை விரலால தடவிப் பாத்துடுங்க, பெயிண்ட் இல்லாத இடம் இருந்தா இப்பவே தொட்டு வைங்க. பழைய வண்டிங்க கண்ணாடியைச் சுத்தி உளுத்துப் போறதுக்கு அதான் ஆரம்பம்.

கேள்வி: வயரிங் எல்லாம் புதுசு, பல்ப் புதுசு. ஆனா பிரேக்கை மிதிச்சா இண்டிகேட்டர் திணறுது, ஹெட்லைட் போட்டா பெட்ரோல் முள் ஏறுது. பெட்ரோல் போடாமலே ஏறுதேன்னு ஒரு நாள் சந்தோஷமா இருந்துச்சு, இப்ப பயமா இருக்கு.
– மின்மினி

பதில்: பெட்ரோல் செலவில்லாத வண்டி, விக்கறதுன்னா சொல்லுங்க!

இது வயரிங் கோளாறே இல்ல, பெயிண்ட் கோளாறு. பழைய வண்டியில பல்புக்குப் போற கரண்ட்டுக்குத்தான் வயர், திரும்பி வர்றதுக்கு வண்டியோட பாடிதான் வயர். லைட் கிண்ணத்தை மாட்டற ஸ்க்ரூவே எர்த்து. இப்ப உங்க பெயிண்டர் நல்லா மனசு வெச்சு ஓட்டைக்குள்ள, மரைக்குள்ள, பின்பக்கம்னு ஒரு இடம் விடாம அடிச்சிருப்பார், பெயிண்ட் கரண்ட்டை விடாது. அப்போ பிரேக் லைட்டுக்குப் போன கரண்ட் வீட்டுக்குத் திரும்ப வழி தெரியாம, பக்கத்துல இருக்கற இண்டிகேட்டர் பல்போட இழைக்குள்ள நுழைஞ்சு சுத்திக்கிட்டு போகுது. அதான் ஒண்ணை மிதிச்சா இன்னொண்ணு திணறுது. டேஷ்போர்டுலயும் மீட்டரும் மத்த லைட்டும் ஒரே எர்த்தைப் பங்கு போட்டுக்கறதால முள்ளு ஆடுது.

ஒவ்வொரு எர்த் இடத்துலயும் ஒரு சின்ன நாணயம் அளவுக்கு பெயிண்ட்டை சுரண்டி தகடு தெரியற வரைக்கும் எடுங்க, மனசு வலிக்கும், பரவால்ல, எடுங்க. பல்லு வெச்ச வாஷர் போட்டு இறுக்கிட்டு, இறுக்கினதுக்கு அப்புறம் மேல வாஸ்லின் தடவி விடுங்க, துரு வராது. சந்தேகம் இருந்தா பேட்டரியோட எர்த் முனையில இருந்து ஒரு நீள வயரை எடுத்து லைட் கிண்ணத்தைத் தொடுங்க, உடனே பளிச்னு ஆச்சுன்னா குற்றவாளி பிடிபட்டாச்சு.

எல்லாத்தையும் விடப் பெரிசு இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கற பட்டை எர்த்து. இன்ஜின் ரப்பர் மேல உக்காந்திருக்கு, அந்தப் பட்டை ஒண்ணுதான் பாலம். அதை மாட்ட மறந்தாலோ பெயிண்ட் மேல மாட்டினாலோ, ஸ்டார்ட்டர் இழுக்கற நூறு ஆம்பியருக்கு மேல கரண்ட் சோக் கேபிள் வழியாவும் ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாவும் போகப் பாக்கும். கேபிள் சூடாகி புகைய ஆரம்பிச்சா இதான் காரணம்.

இன்னொரு எச்சரிக்கை, எர்த்னாலே நெகட்டிவ்னு கண்ணை மூடிக்கிட்டு பேட்டரியை மாட்டாதீங்க. பழைய பிரிட்டிஷ் வண்டி நிறைய பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியோட பாசிட்டிவ் முனைதான் பாடியோட சேரும். எம்ஜிபி 1967 வரைக்கும் அப்படித்தான், ஈ டைப்லயும் 3.8 லிட்டர் வந்தது அப்படித்தான். முன்னாடி வெச்சிருந்தவர் மாத்தியிருக்கவும் வாய்ப்பு உண்டு, பாத்துட்டு மாட்டுங்க. முதல் தடவை கரண்ட் குடுக்கறப்போ பேட்டரிக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு ஹெட்லைட் பல்பைத் தொடரா போட்டுக்குடுங்க. எங்கயாவது ஷார்ட் இருந்தா அந்த பல்பு முழு வெளிச்சத்துல எரியும், வயர் எரியாது. அது அப்படியே இருக்கறப்போ ஸ்டார்ட்டரை மட்டும் அடிக்காதீங்க.

கேள்வி: பிரேக் பைப்ல இருக்கற காத்தை எடுக்க ப்ளீடிங் பண்ணப்போ ரெண்டு சொட்டு ஆயில் மட்கார்ட்ல சிந்திடுச்சு. மறுநாள் காலைல துடைச்சேன், பெயிண்ட்டும் கூடவே வருது.
– ரெண்டு சொட்டு

பதில்: மறுநாள் காலைலயா! பிரேக் ஆயில்ல டாட் 3, டாட் 4, டாட் 5.1 எல்லாமே கிளைக்கால்ங்கற ரசாயனம், பெயிண்ட் உரிக்கற மருந்து மாதிரிதான். கிளட்ச் ஆயிலும் அதேதான். சிந்தின அந்த நிமிஷம் துடைக்கக் கூடாது, துடைச்சா பரவும், தண்ணியைக் கொட்டிக் கழுவணும், தண்ணியில கரைஞ்சு போயிடும். இனிமே ப்ளீடிங் பண்றப்போ பக்கத்துல ஒரு பக்கெட் தண்ணி வெச்சுக்கோங்க. டாட் 5 சிலிகான், அது பெயிண்ட்டை ஒண்ணும் பண்ணாது, ஆனா அதை மத்ததோட கலக்கவே கூடாது. உங்க மட்கார்ட் விஷயத்துக்கு வருத்தப்படறதைத் தவிர நான் ஒண்ணும் பண்ண முடியாது, அந்த இடத்தைத் திரும்ப அடிச்சுத்தான் ஆகணும்.

கேள்வி: ஸ்பேனர் வழுக்கி டோர் ஓரத்துல ஒரு அரிசி அளவு பெயிண்ட் தெறிச்சிடுச்சு. ரெண்டு நாளா தூக்கம் இல்ல. டோரை முழுசா திரும்ப அடிக்கணுமா?
– தூங்காதவன்

பதில்: தூங்குங்க முதல்ல. மாட்டி முடிக்கறதுக்குள்ள இன்னும் ரெண்டு விழும், எல்லாத்தையும் சேத்து ஒரே நாள்ல சரி பண்ணிக்கலாம். டோரை முழுசா அடிக்கக் கிளம்பினா, மெட்டாலிக் கலர்னா பக்கத்து பேனலோட ஷேடு சேராது, அப்புறம் மட்கார்ட், அப்புறம் பானெட்னு போயிட்டே இருக்கும்.

பெயிண்டர்கிட்ட மிச்சக் கலர் ஒரு சின்ன டப்பா வாங்கி வைங்க, ஹார்டனர் கலக்காத பேஸ் கலர் இறுக்கி மூடி வெச்சா கெடாம இருக்கும், ஹார்டனர் கலந்தது அன்னிக்கே கல்லாயிடும். தெறிச்ச இடத்துல எண்ணெய் பிசுக்கு இல்லாம துடைச்சு, வெறும் தகடு தெரிஞ்சா ஒரு துளி பிரைமர் வெச்சுட்டு, பல்குத்தற குச்சி நுனியால கலரைத் தொட்டுத் தொட்டு வைங்க. ஒரே தடவையில நிரப்பாதீங்க, காயக் காய அமுங்கும், நாலஞ்சு தடவை ஆகும். சுத்தி இருக்கறதை விட ஒரு மயிரிழை மேல வந்ததும் கொஞ்ச நாள் விட்டுட்டு, 2000 வாட்டர் பேப்பரை சின்ன கட்டையில சுத்தித் தண்ணியோட மேடு மட்டும் தேயற மாதிரி தேச்சு, பாலிஷ் போடுங்க. கிளியர் கோட்டே மொத்தம் 50 மைக்ரான் பக்கம்தான், தலைமுடியை விட மெல்லிசு, அதனால ஓரத்துல தேய்க்காதீங்க, ஒரு இழுப்புல போயிடும். ஹார்டனர் கலந்த டூகேயை வீட்டுல ஸ்பிரே மட்டும் பண்ணாதீங்க, அதுல இருக்கற ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது, சாதா துணி மாஸ்க் அதைத் தடுக்காது.

கேள்வி: புது மட்கார்ட்ல பேட்ஜ் மாட்ட ஓட்டையே இல்ல. பெயிண்ட் மேலயே டிரில் போடலாமா?
– ஓட்டை

பதில்: போடத்தான் வேணும். பழைய மட்கார்ட்டைத் தூக்கிப் போட்டுட்டீங்களா? இருந்தா அதுல காகிதத்தை வெச்சு ஓட்டையை அச்செடுங்க, இல்லைன்னா இன்னொரு பக்க மட்கார்ட்ல இருந்து அளந்து கண்ணாடி பிம்பமா திருப்பிக்கோங்க. டேப் ஒட்டி அது மேல குறிச்சு, பத்தடி தள்ளி நின்னு பாத்து, டீ குடிச்சுட்டு வந்து திரும்பவும் பாருங்க. பஞ்ச்சால லேசா ஒரு தட்டு, முதல்ல 2 மில்லி பிட், அப்புறம் அளவுக்கு. ஓட்டை ஓரத்துல தெரியற வெறும் தகட்டுல பிரைமரும் கலரும் தொட்டு, காஞ்சதும் கிளிப்போட ஒரு பொட்டு சீலன்ட் வெச்சு மாட்டுங்க. சைடு குரோம் பட்டி கிளிப்புக்கும் இதேதான். அந்த கிளிப் ஓட்டையில இருந்து பழுப்பு கோடு வடியற எத்தனை வண்டி பாத்திருப்பீங்க!

கேள்வி: சார், வண்டி முழுசா மாட்டியாச்சு, ஸ்டார்ட்டும் ஆயிடுச்சு. டப்பாவுல மூணு போல்ட் மிச்சம் இருக்கு.
– மூணு போல்ட்

பதில்: மூணும் ஒரே மாதிரியா, வேற வேறயா? ஒரே மாதிரின்னா ஒரே இடத்துல இருந்து வந்தது, தலையில பலத்தைக் காட்டற 8.8 ங்கற நம்பர் இருந்தா பாரம் தாங்கற இடம், அப்படின்னா வண்டியை வெளிய எடுக்காதீங்க. ஸ்டியரிங் தண்டு, பிரேக் காலிப்பர், சீட்டு, சஸ்பென்ஷன்னு ஒவ்வொண்ணா பார்ட்ஸ் புக்கை வெச்சுக்கிட்டு எண்ணி டிக் அடிச்சுட்டு வாங்க. சின்ன ஸ்க்ரூ மாதிரி இருந்தா உள் அட்டையோ ஹீட்டர் மூடியோ, அவசரமில்ல. எப்படியும் முதல் நூறு கிலோமீட்டர் ஓட்டினதும் எல்லாத்தையும் ஒரு சுத்து இறுக்கிப் பாக்கணும், வாஷருக்கு அடியில பெயிண்ட் அமுங்கி லூஸ் ஆகியிருக்கும். அப்போ அந்த மூணு ஓட்டையும் கண்ல படும்.

எங்க இருந்து வந்ததுன்னு தெரிஞ்சா எழுதுங்க. என் டப்பாவுலயும் ஒண்ணு இருக்கு.